மண்சுவரும் வெளிச்சமும்

சித்திரை மாதத்து உச்சிவேளையில், திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தைக் கடந்து, கொதிக்கும் கல்தளத்தில் பாதம் முழுதும் பதியாமல் விரைந்து, ஆயிரங்கால் மண்டபத்தின் நிழலை எட்டிவிட்ட ஒருவருக்கு முதல் சில கணங்கள் எதுவுமே தெரிவதில்லை. தூண்களெல்லாம் ஒரே கருமையாகத் திரண்டு நிற்கின்றன. பிறகு மெல்ல மெல்லத் தூணின் விளிம்பும், அதன்மேல் செதுக்கிய உருவமும், அந்த உருவத்தின் விரல்நுனியும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலனாகின்றன. அந்தச் சில நிமிஷங்களில் மண்டபத்தின் வெளிச்சம் சிறிதும் கூடிவிடவில்லை. வெளிப் பிரகாசத்துக்கு அஞ்சிச் சுருங்கியிருந்த கண்மணி விரிந்து, விழித்திரையின் நுண்ணிய உறுப்புக்கள் குறைந்த ஒளிக்குப் பழகிக்கொண்டன என்பதுதான் நடந்தது. ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். சித்திரை நண்பகலில் திறந்த வெளியில் அது சுமார் 1,00,000. ஆனால் சௌகரியமாக உட்கார்ந்து புத்தகம் படிக்க நமக்கு வேண்டியதோ 300. இயற்கை நம் வாசலில் கொண்டுவந்து கொட்டுவதில் முந்நூறில் ஒரு பங்கே நமக்குப் போதும் என்ற இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டவர்களுக்கு, வீடு கட்டுவதில் பாதி விஷயம் விளங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

பஞ்சபூதத் தலங்களுள் அக்கினிக்கு உரியதாகப் போற்றப்படும் ஊர் இது. அக்கினி என்றால் உஷ்ணமும் பிரகாசமும் பிரியாமல் சேர்ந்தே இருப்பது. வீடு கட்டுகிறவனுடைய வேலையோ, சேர்ந்தே வரும் அவ்விரண்டையும் வாசலிலேயே பிரித்து, ஒன்றை உள்ளே அழைத்து மற்றொன்றை வெளியே நிறுத்துவது. நம் பாஷை இதற்கு முன்பே வழி செய்து வைத்திருக்கிறது: வெயில் என்பது வேறு, வெளிச்சம் என்பது வேறு. ‘வெயிலில் நிற்காதே’ என்று கண்டிக்கும் தாயே ‘வெளிச்சத்தில் உட்கார்ந்து படி’ என்றும் சொல்கிறாள். சுவரில் விடும் திறப்புக்கும் நம் முன்னோர் ஒரே பெயரோடு நின்றுவிடவில்லை. காற்று வரும் வழி என்னும் பொருளில் காலதர் என்றார்கள். சிலப்பதிகாரத்திலே அந்தச் சொல் இருக்கிறது. பல கண்களை உடையது என்னும் பொருளில் பலகணி என்றார்கள். வெயிலை வரவேற்பதற்கென்று மட்டும் ஒரு பெயர் ஏற்படாமல் போனது இந்தச் சீதோஷ்ணத்தை அறிந்தவர்களுக்கு வியப்பாக இராது.

இந்தப் பிரிவினையை மிக அமைதியாகவும் மிக மலிவாகவும் செய்து தரக்கூடிய பொருள் நம் காலடியில் கிடக்கும் மண் என்பதே நான் சொல்ல வந்தது. என் தாய்வழிப் பாட்டியின் வீடு மண்சுவர் வீடு. அதன் சாளரத்தின் அடிக்கட்டையில், சுவரின் கனத்துக்குள்ளேயே, நான் காலை மடித்து உட்கார்ந்து படித்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னே சுவர் குளிர்ந்திருக்கும். ஓட்டின் நடுவே பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக விழும் ஒரு முழ வெயில், காலையில் மேற்குச் சுவரில் தொடங்கி, உச்சிக்குத் தரையில் இறங்கி, பிற்பகலில் நெற்குதிரின்மேல் ஏறும். அந்த வெயில் குதிரின் கழுத்தைத் தொட்டதும் பாட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்துவிடுவாள். கடிகாரம் இல்லாத அந்த வீட்டில் இருந்த நிதானம், பின்னால் நான் வசித்த எந்தக் காங்கிரீட் வீட்டிலும் எனக்கு வாய்க்கவில்லை.

ஊருக்கு வடகிழக்கே, வேலூர் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் ஏரியும் இருக்கும் வேங்கிக்காலில் ஒரு சிறு மனை கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பார்த்தால் அண்ணாமலை தென்மேற்கில் நிற்கிறது. மனையில் முதலில் செய்யவேண்டியது கொத்தனாரை அழைப்பதுகூட இல்லை. ஒரு கோலை நேராக நட்டு அதன் நிழலைப் பார்ப்பது. அரண்மனைக்கு மனை வகுத்ததைச் சொல்லும் நெடுநல்வாடையில் நக்கீரர், இரண்டு கோல்களை நட்டு, சூரியன் எப்பக்கமும் சாயாத நண்பகலைக் குறித்துக்கொண்டு, நூலோர் கயிறிட்டுத் திசை பார்த்ததாகக் கூறுகிறார். அதே வேலையை நாமும் செய்யலாம். வேங்கிக்கால் பூமத்தியரேகைக்கு வடக்கே சற்றேறக்குறைய 12¼ பாகையில் இருப்பதால், ஏப்ரல் 22-ஆம் தேதியை ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 20-ஆம் தேதியை ஒட்டி மறுமுறையும், நண்பகல் சூரியன் நேர் தலைக்குமேல் வந்து, நட்ட கோலின் நிழல் கோலின் அடியிலேயே மறைந்துவிடும். நண்பகல் என்பது இங்கே கடிகாரப் பன்னிரண்டு மணி ஆகாது. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியதாகையால், இந்த ஊருக்கு ஏப்ரலில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12 மணி 13 நிமிஷத்துக்கு. அவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற எட்டு மாதம் தெற்கே. ஜூன் 21-ஆம் தேதி வடக்கே அது சாய்வது 11 பாகைதான். டிசம்பர் 22-ஆம் தேதியோ தெற்கே இறங்கி அடிவானத்திலிருந்து 54 பாகை உயரத்தில் நிற்கும்.

இந்த எண்களிலிருந்தே வீட்டின் உருவம் பிறந்துவிடுகிறது. தென்சுவரில் மூன்றடி இறவாணம் நீட்டியிருந்தால், மார்கழி நண்பகலிலேகூட அதன் நிழல் நாலடிக்குமேல் சுவரில் இறங்கிச் சாளரத்தின் பெரும்பகுதியை மூடும். வடசுவரில் ஆனி நண்பகலுக்கு அதே இறவாணம் பதினைந்தடி ஆழத்துக்கு நிழல் தரும். சுவரே அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் மேற்குச் சுவரில் சமாசாரம் வேறு. இரவும் பகலும் சமமாயிருக்கும் பங்குனி நாளில் மாலை நாலரை மணிக்குள் சூரியனின் உயரம் 29 பாகைக்குள் இறங்கிவிடுவதால், அதே மூன்றடி இறவாணம் ஒன்றரையடிக்குச் சற்று மிகுதியாகத்தான் நிழலிடும். எஞ்சிய சுவரெல்லாம் வெயிலில் காயும். ஆகவே வீடு கிழக்கு மேற்காக நீண்டும், தெற்கு வடக்காகக் குறுகியும் இருக்கவேண்டும். சாளரங்கள் வடக்கிலும் தெற்கிலும் அமையவேண்டும். மேற்குச் சுவர் கூடியவரையில் மூடியே இருக்கவேண்டும். அடுப்பங்கரையை அக்கினி மூலையான தென்கிழக்கில் வைக்கும் வழக்கமும் இதனோடு இசைகிறது. காலைச் சமையலின்போது சாய்ந்த கிரணங்கள் உள்ளே வந்து ஈரத்தையும் புகையையும் போக்குகின்றன, மாலைச் சமையலின்போது அந்தப் பக்கம் நிழலாயிருக்கிறது.

ஆக, வெளி அளவில் 30 அடிக்கு 16 அடி; சுவர் ஒன்றரையடிக் கனம், ஒன்பதடி உயரம்; நடுவே ஒரு குறுக்குச் சுவர். உள்ளே கிடைப்பது ஏறத்தாழ 330 சதுர அடி. ஒரு சிறு குடும்பம் நிறைவாக வாழ இது போதும் என்றே நம்புகிறேன். இச்சுவர்களுக்கு வேண்டிய மண் சுமார் 1,280 கன அடி. இருபதடி நீளம், பதினாறடி அகலம், நாலடி ஆழம் உள்ள ஒரு குழியிலிருந்து அது கிடைத்துவிடும்; அந்தக் குழியே மழைநீர் தேங்கும் சிறு குட்டையாகப் பிற்பாடு பயன்படும். ஆனால் மேலாக இருக்கும் முக்காலடி மண்ணை ஒதுக்கிவிட்டுத்தான் இந்த நாலடியை எண்ணவேண்டும். வேரும் மக்கும் கலந்த அந்த மண் பயிருக்குத்தான் உரியது, சுவருக்கு ஆகாது.

இந்த மண் சுவராக நிற்கும்போது அதன் எடை 65 டன்னை நெருங்கும். உஷ்ணத்தைப் பொறுத்தவரையில் இந்த எடைதான் விசேஷம். அவ்வளவு மண்ணும் ஒரே ஒரு டிகிரி சூடேற வேண்டுமானால் 16 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் அதற்குள் இறங்கவேண்டும். ஆகவே வெளியே பகலும் இரவுமாக ஏறி இறங்கும் வெப்பம், குளத்தில் விட்ட அலைபோல, சுவருக்குள் போகப் போகத் தளர்ந்துவிடுகிறது. மண்ணின் வழியே வெப்பம் பரவும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், வெளிமுகத்தின் ஏற்ற இறக்கம் ஓரடிக் கனத்தைக் கடப்பதற்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைகிறது. கடந்துவர ஏறக்குறைய பத்து மணி நேரமும் எடுத்துக்கொள்கிறது. ஒன்றரையடிச் சுவரில் ஐம்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிற்பகல் மூன்று மணியின் வெப்பம் உள்ளே எட்டிப்பார்க்கும் நேரத்தில் வெளியே விடியற்காற்று வீசிக்கொண்டிருக்கும். அப்போது சாளரங்களைத் திறந்துவைத்தால் அதுவும் வெளியேறிவிடும். அக்கினி நட்சத்திர நாட்களில் நாலரை அங்குலக் காங்கிரீட் தளத்தின் கீழ் உறங்க முயன்றவர்களுக்கு, இரவு பத்து மணிக்குமேல் கூரை தன் சூட்டைக் கீழே இறக்குவது எப்படிப்பட்ட அவஸ்தை என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

சுவரின் கனம் உஷ்ணத்துக்குச் செய்வது இது. வெளிச்சத்துக்கு அது செய்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கனத்த சுவரில் சாளரம் ஒரு துளையாக நிற்காமல் ஒரு சிறு அறையாகவே ஆகிவிடுகிறது. அதன் பக்கங்களை நேராக விடாமல், வெளியே குறுகி உள்ளே விரியும்படி சாய்த்து வைத்தால், ஒன்றரையடி நீளமுள்ள அந்தச் சாய்ந்த பக்கங்கள் ஒளியை வாங்கி அறைக்குள் திருப்பிவிடும். இதனால் வெளிச்சம் மிகுவது மட்டுமில்லை, கண் கூசுவதும் குறைகிறது. இருண்ட சுவரில் பளீரென்ற ஒரு கட்டம் திறந்திருந்தால், கண் அந்தப் பளிச்சுக்கு ஏற்பச் சுருங்கி, அறையைப் பின்னும் இருட்டாகக் காட்டுகிறது. பகலிலேயே விளக்குப் போடும் வீடுகளில் பெரும்பாலும் குறைவது வெளிச்சமன்று, இந்த இணக்கம்தான். சாய்ந்த பக்கங்கள் ஆகாயத்தின் பிரகாசத்துக்கும் சுவரின் மங்கலுக்கும் நடுவே ஒரு படியாக நின்று கண்ணுக்கு ஆறுதல் தருகின்றன. திண்ணையும் தாழ்வாரமும் செய்தது இதே வேலையைத்தான். தெருவின் லட்சம் லக்ஸிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து ரேழிக்கு, ரேழியிலிருந்து கூடத்துக்கு என்று கண்ணை ஒவ்வொரு படியாக இறக்கி அழைத்துச் சென்ற அந்த ஏற்பாட்டை, இடம் வீணாகிறது என்று நாம் இடித்துவிட்டோம்.

அறைக்கு எவ்வளவு ஒளி போதும் என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. நேர்வெயிலைச் சேர்க்காமல், ஆகாயத்திலிருந்து மட்டும் 8,000 லக்ஸ் கிடைப்பதாகக் கொண்டு, அதில் சமையலறைக்கு நூற்றுக்கு இரண்டரைப் பங்கும், படிக்கும் அறைக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், கூடத்துக்கு முக்கால் பங்குக்கும் குறைவாகவும் எட்டவேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அதாவது அடுப்பங்கரைக்கு 200 லக்ஸ், படிப்புக்கு 150, கூடத்துக்கு 50. சாளரங்களின் பரப்பு, வறண்ட வெப்பப் பிரதேசத்தில் தரைப்பரப்பில் பத்தில் ஒன்றும், ஈரம் மிகுந்த வெப்பப் பிரதேசத்தில் ஆறில் ஒன்றும் இருக்கவேண்டும் என்பதும் அதன் விதி. வேங்கிக்கால் இரண்டுக்கும் நடுத்தரமான இடம். நம் வீட்டுக்குச் சுமார் 45 சதுர அடி போதுமானது. அகலத்தைவிட உயரத்துக்கு மதிப்பு அதிகம் என்பதை மட்டும் மறக்கலாகாது. சாளரத்தின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரத்துக்குத்தான் பயனுள்ள ஒளி அறைக்குள் செல்லும். ஏழடி உயரத்தில் விளிம்பு இருந்தால் பதினைந்து அடி. நம் அறையின் அகலம் பதின்மூன்றடிதான்.

இனி, சுவரின் நிறம். செம்மண் பூச்சின் அழகில் மயங்காதவர் இல்லை; நானும் மயங்கியவனே. ஆனாலும் செம்மண் தன்மேல் பட்ட ஒளியில் நூற்றுக்கு முப்பது பங்கைத்தான் திருப்பித் தருகிறது. புதிதாக அடித்த சுண்ணாம்பு எழுபதுக்கு மேல் தருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் முப்பதுக்கும் எழுபதுக்கும் உள்ளது மட்டும்தானே என்று எண்ணிவிடக் கூடாது. அறைக்குள் நுழைந்த ஒளி ஒரு சுவரில் பட்டு மறுசுவருக்கும், அங்கிருந்து விட்டத்துக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. வெள்ளைச் சுவரில் நூறு எழுபதாகி, எழுபது நாற்பத்தொன்பதாகி, பின்னர் முப்பத்துநான்காகிப் பல முறை உழைக்கிறது. செம்மண் சுவரில் நூறு முப்பதாகி, முப்பது ஒன்பதாகி, மூன்றாம் தாவலிலேயே அநேகமாக அணைந்துபோகிறது. இந்தத் தாவல்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வெள்ளைச் சுவர் தரும் எதிரொளி செம்மண் சுவர் தருவதைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். ஆகையால் வெளிச்சுவரைச் செம்மண்ணாக விட்டு, உட்சுவர்களிலும் சாளரத்தின் சாய்ந்த பக்கங்களிலும் சுண்ணாம்பு அடிப்பதே என் விருப்பம். மண் பூச்சையே உள்ளேயும் பார்க்க ஆசையிருந்தால் இடுப்பளவு வரையில் விடலாம். சாய்ந்து உட்காரும் இடமும் அதுதான்.

நம் நாட்டில் ஒளியின் பெரும்பகுதி மேலிருந்து வருவதாக நினைக்கிறோம். நல்ல இறவாணம் உள்ள வீட்டில் அது தரையிலிருந்து வருகிறது. இறவாணம் ஆகாயத்தை மறைத்துவிட, வெயில் காயும் முற்றத்து மண் தன்மேல் விழுந்ததில் ஐந்தில் ஒரு பங்கை மேல்நோக்கி வீச, அது சாளரத்தின் வழியே ஏறி விட்டத்தில் படிந்து, அங்கிருந்து மெத்தென்று கீழே இறங்குகிறது. இதனால்தான் விட்டத்தின் அடிப்பாகம் வெளுப்பாக இருக்கவேண்டும். இதனால்தான் வாசலில் சிமெண்டுத் தளம் போட்ட வீட்டுக்குள் உட்கார்ந்தால் பகல் முழுதும் கண் கரிக்கிறது. சாணம் மெழுகிய வாசல் இந்த ஒளியை இதமாக்கி அனுப்புகிறது. சாளரத்துக்கு நேரே ஒரு செடிப்பாத்தி இருந்தால் இன்னும் நல்லது.

வெளிச்சத்துக்காகச் சுவரை உடைக்காமல் வழி காட்டியவர்களுள் லாரி பேக்கரை நன்றியோடு நினைக்கவேண்டும். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்து, இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்டு, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த அவர், வீடு கட்டும் பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். மண்ணைப் பற்றி எளிய சித்திரங்களோடு ஒரு சிறு நூலும் எழுதினார். செங்கல்லை இடைவிட்டு அடுக்கி அவர் எழுப்பிய துளைச்சுவர்களைத் திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் காணலாம். அந்தத் துளையின் ரகசியம் அதன் ஆழத்தில் இருக்கிறது. மூன்றங்குல உயரமும் ஒன்பதங்குல ஆழமும் உள்ள ஒரு துளையின் வழியே, 18 பாகைக்குமேல் நிற்கும் சூரியனின் நேர்க்கிரணம் கடந்துவர இயலாது. துளையின் அடித்தளத்தில் மோதி, சிதறி, வெறும் வெளிச்சமாகத்தான் உள்ளே வரும். நம் மேற்குச் சுவரின் நாலரை மணி வெயில் 29 பாகைக்குள் இறங்கி நிற்பது நினைவிருக்கலாம். அது முழுதும் தடுக்கப்படும். ஐந்து மணிக்குமேல் சூரியன் இன்னும் தாழும்போது கிரணங்கள் துளைகளின் வழியே வந்து எதிர்ச்சுவரில் பொற்காசுகளைப்போல வரிசையாக விழும். அந்நேரத்து வெயிலில் சூடு தணிந்திருக்கும், அழகு மிகுந்திருக்கும். மேற்கே ஒரு திறப்பு வேண்டும் என்று வீட்டார் பிடிவாதம் பிடித்தால் இப்படி ஒரு துளைச்சுவரை வைத்துக் கொடுக்கலாம்.

இமயத்தின் அடிவாரத்தில், தர்மசாலைக்கு அருகே சித்பாரியில், முறையான கட்டடக்கலைக் கல்வி பெறாமலே முதுமையில் மண் வீடுகள் கட்டிப் புகழ்பெற்று, 2021-ல் மறைந்த டிடி காண்ட்ராக்டர் அம்மையாருடைய கட்டடங்களிலும் ஒளிக்கே முதலிடம். ஆனால் அவருடைய குளிர்ப்பிரதேசத்தில் வெயிலையே வீட்டுக்குள் வரவழைக்கவேண்டும். அதே மண், அதே சுண்ணாம்பு, எதிரான நோக்கம். அங்குள்ள படத்தைப் பார்த்து இங்கே பெரிய கண்ணாடிச் சாளரம் வைத்துவிடக் கூடாது. நேர்வெயில் படும் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, எழுநூறு எண்ணூறு வாட் உஷ்ணத்தை வீட்டுக்குள் இறக்கும். ஓர் இஸ்திரிப் பெட்டியை நாள் முழுதும் சூடாக்கி வைத்திருப்பதற்கு அது சமானம். ஆகாயத்தின் சிதறொளியோ, ஒரே அளவு வெளிச்சத்துக்கு நேர்வெயிலைவிடக் குறைந்த வெப்பத்தையே சுமந்து வருகிறது. வடக்குச் சாளரத்தின் மேன்மை இதுதான். கண்ணாடி ஓடு வைப்பதானாலும் இந்த ஜாக்கிரதை வேண்டும். ஒரு சதுர அடிக் கண்ணாடி உச்சிவேளையில் எட்டு எல்இடி பல்புகளின் வெளிச்சத்தைத் தரும். அதைக் கூடத்தின் நடுவில் வைக்காமல், நடைபாதையின்மேல், வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்தால், வெயில் சுவரில் பட்டு ஒளியாக மாறி வீட்டுக்குள் பரவும்.

கூரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓடும், அதன் அடியில் பலகையோ தட்டியோ வேய்ந்து நடுவே காற்று விட்ட ஒரு மச்சும் இருந்தால் போதும். நேர் தலைக்குமேல் சூரியன் நிற்கும் ஊரில் சுவரைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது; அது ஒற்றைத் தகடாக இருந்துவிட்டால், கீழே எவ்வளவு கனமான மண்சுவர் இருந்தும் பிரயோஜனமில்லை.

மண்ணைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை விஞ்ஞானம் இன்று விளக்கிச் சொல்கிறது. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிஷத்திலேயே அடியில் அமர்ந்துவிடும். வண்டல் படிய ஒன்றிரண்டு மணி நேரமாகும். களி மட்டும் ஒரு நாளுக்கு மேலும் நீரிலேயே மிதந்து கலங்கலாக நிற்கும். மூன்றின் கனத்தையும் அடிக்கோலால் அளந்துகொள்ளலாம். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மணலும், ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிக் களியும் இருந்தால் சுவருக்கு நல்ல மண். மணல்தான் சுவரின் எலும்பு. களி அதன் பசை. களித் துகள்கள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறிய தட்டுக்கள். அவற்றுக்கிடையே தங்கிய மெல்லிய நீர்ப்படலம், உலர உலரத் தட்டுக்களை ஒன்றோடொன்று இழுத்து இறுக்குகிறது. செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் என்ற களி நீரில் அவ்வளவாக உப்புவதில்லை. கரிசலிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் நீரை உண்டு பருத்து, காய்ந்தால் பாளம்பாளமாக வெடிக்கும். ஆகவே கரிசல் கலந்த மண்ணைச் சுவருக்கு ஒதுக்குவது நலம். குழைத்த மண்ணோடு வைக்கோல் சேர்த்து மிதிப்பதும் வெடிப்பைத் தடுக்கத்தான். மார்பளவு உயரத்திலிருந்து ஓர் உருண்டையைக் கீழே விட்டுப் பாருங்கள்: சிதறித் தூளானால் மணல் மிகுதி, வெடிப்பே இல்லாமல் அப்பிக்கொண்டால் களி மிகுதி, சற்றே தட்டையாகி ஓரங்களில் இரண்டொரு கீறல் மட்டும் விழுந்தால் அந்த மண் சுவருக்குத் தயார்.

இதே நீர் அளவு மிஞ்சினால், இணைத்த தட்டுக்களைப் பிரித்தும் விடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோனதை இந்த ஊர் மறக்கவில்லை. மலைச்சரிவின் அடியில் எந்த வீடும் வேண்டாம், மண் வீடும் வேண்டாம், காங்கிரீட் வீடும் வேண்டாம். ஏரிக்கரையை ஒட்டிய தாழ்விடமும் கூடாது. மேட்டுநிலத்தில், இந்தப் பக்கத்துக் கருங்கல்லால் இரண்டடி பீடம் கட்டி, அதன்மேல்தான் மண்சுவரைத் தொடங்கவேண்டும். இறவாணத்து நீர் தரையில் விழுந்து தெறிப்பது ஓரடி வரையில் எழும்பும் என்பதால், அந்த இரண்டடி கல்லில் ஓர் அங்குலத்தையும் குறைக்கலாகாது.

மண்சுவரை நாசம் செய்வது மழையைக் காட்டிலும் சிமெண்டுப் பூச்சு. பலமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு பூசுகிறார்கள். சுவர் மூச்சுவிடும் பொருள். காற்றில் ஈரம் மிகும்போது உட்கொண்டு, வறளும்போது வெளிவிடுகிறது. மூடிய சிமெண்டுத் தோலுக்குப் பின்னால் அந்த ஈரம் சிறைப்பட்டு, மண்ணை இளக்கி, ஒருநாள் பூச்சையும் சுவரின் மேற்பரப்பையும் சேர்த்தே உரித்துத் தள்ளிவிடும். சுண்ணாம்பு அப்படிச் செய்வதில்லை. காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெதுவாக வாங்கிக் கல்லாக மாறிக்கொண்டே, ஈரத்துக்கும் வழி விடுகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்த நம் கொத்தனார்கள் அறிந்தது இதுவே.

‘கல்வீடு கட்டிவிட்டான்’ என்றால் முன்னுக்கு வந்துவிட்டான் என்றும், மண்சுவர் என்றால் ஏழ்மை என்றும் நம்மிடையே ஊறிவிட்ட எண்ணம் சுலபத்தில் மாறாது. ஓட்டைக் குடிசையில் மழைக்கு நனைந்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் இருப்பதில் தவறும் சொல்ல முடியாது. ஆயினும் மாற்றத்துக்கு வேண்டிய அறிவு தூரத்தில் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய ஆஸ்ட்ரா என்ற கிராமியத் தொழில்நுட்ப ஆய்வுக் குழு, மண்ணை அழுத்திக் கல்லாக்கும் முறையை நன்கு ஆராய்ந்தது. நமக்குக் கிழக்கே ஆரோவில்லில், சத்பிரேம் மைனி 1989-ல் தொடங்கிய மண் கட்டட நிறுவனம், நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு மட்டும் சேர்த்து, சூளையில் சுடாமல், இயந்திரத்தில் அழுத்திய கற்களால் வளைவுகளும் பல மாடிக் கட்டடங்களும் எழுப்பிக் காட்டியிருக்கிறது. சிமெண்டுக்கோ 1,450 டிகிரி வரையில் உலை எரியவேண்டும். திருவண்ணாமலையிலேயே பிஜு பாஸ்கர் என்பவர் தொடங்கிய தண்ணல் என்னும் அமைப்பு, சிமெண்டே சேர்க்காத மண்ணையும் சுண்ணாம்பையும் கையாளும் பழைய முறைகளைத் திரட்டி, கற்க வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. மண்ணை மிதிக்கக் காலும், படை வைக்கக் கையும், காய விடப் பொறுமையும் உள்ளவர்கள் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை ஒன்று இவ்வீட்டுக்கு உண்டு. மழைக்காலம் ஓய்ந்து மார்கழி முடியும் தறுவாயில், பீடத்துக்கு மேலே சாரலில் கரைந்த இடங்களில் குழைத்த மண்ணை அப்பிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு அடிக்கவேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் வழக்கத்தோடு அது பொருந்திவிடுகிறது. சூரியன் அப்போது தெற்கே தாழ்ந்திருப்பதால், ஆண்டில் வேறெந்த மாதத்தையும்விடத் தென்சாளரத்தின் வழியே ஒளி அதிக தூரம் உள்ளே வருகிறது. போகியன்று சாமான்களையெல்லாம் வாசலில் இறக்கிவைத்து, ஈரம் உலராத சுவர்களோடு வீடு வெறுமையாக நிற்கும் அந்த ஒரு பகலில், சாளரத்தின் சாய்ந்த பக்கத்தில் பட்ட வெளிச்சம் விட்டத்துக்கும் விட்டத்திலிருந்து மூலைக்கும் தாவுவதைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து பார்க்கலாம்.